உங்க மக என்ன படிக்கா?

எங்கள் வீட்டில் ஒரு பாய் இருக்கிறது. அதில் இதுவரை யாரும் படுத்ததில்லை. படுக்கவும் கூடாது. பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருக்கிறார் அம்மா. 1974-ல் அம்மாவின் கல்யாணத்துக்காகத் தாத்தா பத்தமடையில் சொல்லிவைத்து வாங்கிய பாய். ஒரு ஓரத்தில் அம்மாவின் பெயர், மறு ஓரத்தில் அப்பாவின் பெயர், நடுவில் கல்யாணத் தேதி. எல்லாம் எழுதியதில்லை, நெய்தது.

யாராவது உறவுக்காரர்கள் வந்தால் பாய் வெளியே வரும். ''கோரைன்னு சொல்லுங்க பார்ப்போம்! துணி மாதிரி இருக்குல்ல?'' என்பார் அம்மா. வந்தவர்கள் தடவிப் பார்ப்பார்கள். ''இப்பல்லாம் யாரு இந்த மாதிரி நெய்யறா?'' என்று பெருமூச்சு விடுவார்கள். காபி வரும். பாய் உள்ளே போய்விடும்.

அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேசவேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ்ஸில் ஏறினால், மேலச்செவல் தாண்டி பத்தமடை. அதற்கடுத்து சேரன்மகாதேவி. இரண்டு பக்கமும் வயல், வாழை, தூரத்தில் பொதிகை மலை. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் இந்தப் பக்கத்து வயல்களுக்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்ணீரைப் பிரித்துவிட பத்து மடைகள் இருந்ததால் ஊர் பெயர் பத்துமடை, அது மருவிப் பத்தமடை என்று ஊரில் சொல்வார்கள்.

சின்ன ஊர். பேரூராட்சி. தெருவில் நடந்தால் அக்ரஹாரமும் வரும், பள்ளிவாசலும் வரும். டீக்கடை, பேங்க், செல்போன் ரீசார்ஜ் கடை என்று தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊருக்கும் உள்ள முகம்தான். ஆனால் இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று பாய். இன்னொன்று சுவாமி சிவானந்தர். இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். முதலில் பாய்.

ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் வளர்கிற கோரைப்புல்லைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்கவேண்டும். வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்ததைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் சில நாட்கள் ஊறப்போட வேண்டும். கோரை உப்பிவிடும். மறுபடி காயவைத்து, ஒவ்வொரு கோரையையும் நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் சோற்றை எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிய இழையாக்க வேண்டும். பிறகு சாயம். அதற்கும் பிறகுதான் தறி.

தறி என்றால் காஞ்சிபுரத்துத் தறியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தரையோடு தரையாக நூல் பாவை இழுத்துக் கட்டி, மூங்கில் கம்புகளில் தாங்கி நிறுத்தியிருப்பார்கள். நெய்கிறவர் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாக உள்ளே கொடுத்து, அச்சை இழுத்து அடிக்கவேண்டும். அடுத்த இழை. மறுபடி அடி. பாவின் நெருக்கத்தை வைத்து 100, 120, 140 என்று நம்பர் சொல்வார்கள். நம்பர் ஏற ஏறப் பாய் மெலியும். உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப்பாய் என்று பெயர். ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். மாதக்கணக்கும் ஆகும்.

இதை நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் பெண்கள். இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு 1953-ல் இந்த ஊர்ப் பாய் போனது என்பது பத்தமடையில் எல்லோரும் சொல்கிற கதை. 2012-13-ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதாவது, வேறு ஊரில் நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று சொல்லி விற்க முடியாது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. நெய்கிறவரின் முதுகுக்கு?

சில வருஷங்களுக்கு முன், ஒரு சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பாய் வாங்க நானே பத்தமடைக்குப் போனேன். விசாரித்துப் போன வீட்டில் ஒரு வயதான அம்மா தறியில் இருந்தார். எழுபதைத் தொட்டிருப்பார். முந்தானையைத் தலைக்குப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, ஒரு இழை, ஒரு அடி, ஒரு இழை, ஒரு அடி. எதிரே இன்னொரு பெண் கோரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

''வாங்க தம்பி, எங்கன இருந்து வாரீய?'' என்றார் வேலையை நிறுத்தாமல்.

சொன்னேன். எங்கள் வீட்டு 1974 பாயைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ''பேரு போட்ட பாயா? அது எங்க உம்மா காலத்துப் பாயால்ல இருக்கும்'' என்று எழுந்து போய், முடித்து வைத்திருந்த ஒரு பாயை எடுத்து வந்து விரித்தார். பிறந்த குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாகக் கரை. கையில் வாங்கினால் பாரமே தெரியவில்லை.

விலை சொன்னார். நான் பேரம் பேசினேன். ஆமாம், வெட்கமில்லாமல் பேசினேன். மால்களில் அச்சடித்த விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிற நான், அங்கே 300 ரூபாய் குறைத்தேன். வாங்கிய பிறகு, ஏதோ அந்த வீட்டுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில், கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டேன்.

''அம்மா, இவ்வளவு அருமையான தொழில். உங்க பேத்திகளுக்குக் கத்துக் கொடுக்கலியா? உங்களோட இது அழிஞ்சு போயிரக்கூடாதே!''

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நூலை ஒருதரம் நீவிவிட்டார். பிறகு கேட்டார்:

''உங்களுக்குப் பிள்ளைய இருக்கா?''

''ஒரே பொண்ணு. ஒன்பதாவது.''

''உங்க மக என்ன படிக்கப் போறா?''

''கம்ப்யூட்டர் படிக்கணும்கிறா.''

''படிக்கட்டும். நல்லாப் படிக்கட்டும்'' என்றார். குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. ''எம் பேத்தியும் காலேசுக்குத்தான் போறா தம்பி. அவ மட்டும் எதுக்கு இங்கன வந்து குத்தவைக்கணும்?''

பஸ்ஸில் திரும்பி வரும்போது பாய் என் மடியில் இருந்தது. எடையே இல்லாத பாய் அவ்வளவு கனத்தது.

அந்த அம்மாவுக்குத் தொழில் மேல் பிரியம் இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. பாயை விரித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். கைக்குப் பெருமை இருக்கிறது. முட்டிக்கு வலியும் இருக்கிறது. இரண்டும் நிஜம். நாம்தான் பெருமையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இந்த ஆற்றங்கரையில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்கிற இன்னொரு வேலை பீடி சுற்றுவது. அதில் பெருமை ஒன்றும் இல்லை. பீடி சுற்றுகிறவரைத் தேடி யாரும் கேமராவோடு வருவதில்லை. உடம்புக்கும் கேடு. ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி உண்டு, வாரக் கடைசியில் காசு உண்டு, கணக்கில் சேர்ந்தவர்களுக்கு பி.எஃப். உண்டு. பட்டுப்பாய் நெய்தால் அது விற்றால்தான் காசு. கலையா, பீடியா என்று நாம் கேட்டால் சுலபமாகக் கலை என்று சொல்லிவிடுவோம். சனிக்கிழமை மளிகைக் கடைப் பாக்கி நமக்கு இல்லையே!

இப்போது அந்த 1953-க்குத் திரும்பி வாருங்கள். ராணிக்குப் பாய் போனதாகச் சொல்கிற அதே வருஷத்தில்தான், அன்றைய முதலமைச்சர் ராஜாஜி ஆரம்பக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் போதாத காலம், அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள். தமிழ்நாடு கொதித்தது. 'குலக்கல்வி' என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்தார். திட்டம் கைவிடப்பட்டது.

அதற்கும் முன்னால், இதே பத்தமடைக்கு அடுத்த ஊரான சேரன்மகாதேவியில், வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற விவகாரம் 1924-25-ல் வெடித்து, தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப்போட்டது. பிறப்பை வைத்து ஒரு பிள்ளையின் இடத்தை முடிவு செய்யலாமா என்ற கேள்விக்கு இந்த ஆற்றங்கரை நூறு வருஷத்துக்கு முன்பே பதில் தேடியிருக்கிறது. 'கூடாது' என்றுதான் நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் பத்தமடையில் நான் கேட்ட கேள்விக்கு என்ன பெயர்? 'பாட்டி நெய்தார், அதனால் பேத்தி நெய்யவேண்டும்.' சட்டம் போட்டுச் சொன்னால் குலக்கல்வி. கண்ணில் நீர் ததும்பச் சொன்னால் பாரம்பரியம். ஒருவேளை இரண்டும் ஒன்றுதானோ?

இனி ஊரின் இரண்டாவது பெருமைக்கு வருகிறேன்.

1887-ல் பத்தமடையில் பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் படித்தார். மலேயாவுக்குப் போய்ப் பத்து வருஷம் டாக்டராக இருந்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போய்த் துறவியானார். சுவாமி சிவானந்தர். 1936-ல் அவர் ஆரம்பித்த தெய்வீக வாழ்க்கைச் சங்கத்துக்கு இன்று உலகமெங்கும் கிளைகள்.

அவர் பத்தமடையை விட்டுப் போனவர். மலேயாவுக்குப் போனார், அதையும் விட்டு இமயமலை அடிவாரத்துக்குப் போனார். 1963-ல் அங்கேயே சமாதியானார். ''ஏன் சாமி, உங்க பரம்பரைத் தொழிலை யார் பார்ப்பார்கள்?'' என்று அவரை யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. கேட்கவும் கூடாது. அவர் தன் வழியைத் தேடிப் போனார். ஊர் அதற்காகவே பெருமைப்படுகிறது.

கவனியுங்கள். ஒரே ஊர். ஒருவர் விட்டுப் போனது பெருமை. இன்னொருவர் விட்டுப் போனால் இழப்பு. டாக்டர் வெளிநாடு போனால் வளர்ச்சி, பாய் நெய்கிறவரின் பேத்தி காலேஜுக்குப் போனால் 'ஐயோ, கலை அழிகிறதே'. நம்முடைய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா விவசாயி. அப்பா நிலத்தை விற்று டவுனுக்கு வந்தார். நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் உழவு அழிந்ததற்காக யாரும் பெருமூச்சு விடவில்லை. பாயசம் வைத்தார்கள்!

கிளம்பிப்போகிற உரிமையை நாம் எல்லோரும் ரொம்ப நாளைக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டோம். கடைசியாகக் கிளம்புகிறவரிடம் மட்டும், 'நீ போய்விட்டால் விளக்கை யார் ஏற்றுவது?' என்று கேட்கிறோம்.

''அப்படியானால் எல்லாக் கலையும் அழியட்டும் என்கிறீர்களா?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை, அப்படிச் சொல்லவில்லை. இழப்பு நிஜமானது. கோரை எந்தப் பதத்தில் கீறப்படவேண்டும் என்பது அந்த அம்மாவின் விரலில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. விரல் போனால் அதுவும் போய்விடும். பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் திரும்பி வராது. அந்த அருமை எனக்கும் உங்களுக்கும் இந்த நாட்டுக்கும் பொதுவானது. சரிதான். ஆனால் பெருமை பொதுவாக இருக்கும்போது பாரம் மட்டும் ஏன் ஒரு தெருவில் இருக்கும் சில வீடுகளுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும்?

படித்த படிப்பு விடுமா? பஸ்ஸில் வரும்போதே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பேச்சுக்கு, ஒரு பட்டுப்பாய்க்கு இரண்டு பேர், 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். 50 ஆள் நாள். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று போட்டால் (கட்டட வேலைக்குச் சித்தாள் இதைவிடக் கேட்பார்) கூலியே 25,000. கோரை, நூல், சாயம், போக்குவரத்து, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்த்தால் 30,000-ஐத் தாண்டிவிடும். இதில் கலைக்கு என்று தனியாக ஒரு பைசாகூட நான் போடவில்லை. வெறும் சித்தாள் கூலி.

30,000 ரூபாய்க்குப் பாய் வாங்குவீர்களா? அதே விலைக்கு செல்போன் வாங்குவோம். மூன்று வருஷத்தில் அது குப்பை. எங்கள் வீட்டுப் பாய்க்கு ஐம்பது வயசு.

நான் கொடுத்த விலைக்கும் இந்தக் கணக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யார்? தறியில் குத்தவைத்திருக்கும் அந்த அம்மாதான். தன் முதுகிலிருந்து எடுத்து, என் கல்யாணப் பரிசுக்கு மானியம் கொடுத்திருக்கிறார். அதிலும் 300 ரூபாய் குறைத்துக்கொண்டு வந்த மகராசன் நான்.

வெகு தொலைவிலிருந்து ஓர் ஊரைச் சொல்கிறேன். பின்லாந்தில் ஃபிஸ்கார்ஸ் என்று ஒரு கிராமம். 1649-ல் இரும்பு உலை வைத்து உருவான ஊர். ஆரஞ்சுக் கைப்பிடி போட்ட கத்தரிக்கோலைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கம்பெனியின் பெயரே இந்த ஊரின் பெயர்தான். ஒரு கட்டத்தில் தொழிற்சாலை வேலைகள் ஊரை விட்டுப் போய்விட்டன. வீடுகளும் கூடங்களும் காலி. 1990-களின் தொடக்கத்தில், காலிக் கட்டடங்களுக்கு வாடகைக்கு வரும்படி கைவினைஞர்களை அழைத்தது கம்பெனி. தச்சர், கண்ணாடி ஊதுகிறவர், குயவர், ஓவியர் என்று வந்தார்கள். 1996-ல் அவர்களே ஒரு கூட்டுறவும் அமைத்துக்கொண்டார்கள். செத்துப்போன ஊர் எழுந்து உட்கார்ந்தது.

அங்கே இருக்கும் தச்சர் தச்சரின் மகனாக இருக்கவேண்டியதில்லை. பிடித்ததால் வந்தவர். அவர் மகளுக்கு டாக்டராக ஆசை வந்தால், அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் அரசு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அவரால் நிம்மதியாக இழைப்புளி பிடிக்க முடிகிறது. தப்பிக்கக் கதவு திறந்திருக்கிற வீட்டில்தான் மனிதன் சந்தோஷமாக உட்காருகிறான்.

பத்தமடை பின்லாந்து ஆகாது. ஆகவும் வேண்டாம். ஆனால் எதைக் காப்பாற்றுவது என்று நாம் யோசிக்கும் முறையை அங்கிருந்து கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். 'இந்த வீட்டுப் பெண் இதைச் செய்தாக வேண்டும்' என்பதை விட்டுவிட்டு, 'யார் வீட்டுப் பெண்ணும் விரும்பினால் இதைச் செய்து கௌரவமாக வாழலாம்' என்ற நிலைக்குக் கொண்டுவர முடியுமா? அக்ரஹாரத்துப் பெண், மேலத்தெருப் பையன், ஏன், என் மகளேகூட? தரையில் குத்தவைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து நெய்கிற தறி, மாதம் பிறந்தால் கைக்கு வருகிற கூலி, வயதான காலத்தில் ஒரு பென்ஷன். இவ்வளவும் இருந்து, அப்போதும் யாரும் வரவில்லை என்றால் கலைக்காக அழலாம். அதுவரை நம் கண்ணீர் கொஞ்சம் மலிவானதுதான்.

அரசாங்கம் செய்யவேண்டும், கூட்டுறவுச் சங்கம் செய்யவேண்டும். உண்மை. ஆனால் இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்களும் எழுதுகிற நானும் அரசாங்கம் இல்லை. நம்மால் முடிந்தது இரண்டே விஷயம்தான். வாங்குவதாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுப்போம். வாங்க முடியாதென்றால், அந்தப் பேத்தி காலேஜ் பஸ்ஸில் ஏறும்போது பெருமூச்சு விடாமல் கையசைப்போம். இரண்டும் நேர்மை. மூன்றாவதாக, பேரமும் பேசிவிட்டு உபதேசமும் செய்துவிட்டு வருவது இருக்கிறதே, அதைத்தான் நான் செய்தேன்.

அந்த 300 ரூபாயை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கொஞ்ச நாள் யோசித்தேன். மணியார்டர் அனுப்பினால் அது இன்னொரு அவமரியாதை. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். இன்னொரு பாய் சொன்னேன். விலை சொன்னார். ''சரிம்மா'' என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

''என்ன தம்பி, இந்தத் தடவை கொறைக்கச் சொல்லலியா?''

''இல்லம்மா.''

''பேரு போடணுமா? யாரு கல்யாணத்துக்கு?''

கல்யாணத்துக்கு இல்லை, வீட்டில் போட்டுப் படுக்கத்தான் என்றேன். சிரித்தார். ''அதுக்குத்தான தம்பி நெய்யுதோம்'' என்றார்.

பேத்தி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது.